சிங்கம் பார்க்க எழுந்தவள்

ஸுலைஹாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று பள்ளிவாசல்துறை முழுக்க ஒரு கதை. அதைக் கிளப்பிவிட்டவர் வேறு யாருமில்லை, அவளுடைய புருஷன் முத்தலிபுதான். உண்மையில் அவளுக்கு ஒரு தலையிடிகூடக் கிடையாது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள் ஒப்பந்தம் முடியுமுன்னே பெட்டியோடு வந்து இறங்கினால் ஊருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே, அதற்காக மனிதர் கண்டுபிடித்த வருத்தம் அது. பலனை அனுபவித்தவள் ஸுலைஹா. எந்த வீட்டுப் படியேறினாலும் சீனி போடாத தேத்தண்ணியை ஆசையாக நீட்டினார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தாள்.

அவளை அனுப்பிவிட்டது, சிங்கம் பார்க்க எழுந்து நின்றதற்காக.

ஸுலைஹா மன்னார்ப் பக்கத்தவள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் அங்கிருந்த எல்லா முஸ்லிம்களையும் எழும்பிப் போ என்றார்கள். கலியாணமாகாத குமர்ப்பிள்ளையாக இருந்தவள், உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறிக் கல்பிட்டியில் வந்து இறங்கினாள். பிறகு கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி, பெயர் பதிய வரிசை. இங்கே இரு என்றார்கள், இருந்தாள். முத்தலிபைக் கட்டு என்றார்கள், கட்டினாள். அந்த ஒன்றில் மட்டும் அவளுக்கு முறைப்பாடு இல்லை. கடலுக்குப் போகிற ஆள், அடிக்கக் கையை நீட்டாத ஆள். யுத்தம் முடிந்து நாலைந்து வருடத்தில் மகள் ஷிம்லா கலியாண வயதுக்கு வந்துவிட்டாள். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடோ கூரை இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்காகத்தான் குவைத்.

அங்கே வெயில் காலம் வந்ததும் அந்த வீட்டார் இரண்டு மாதப் பயணம் கிளம்பினார்கள். முதலில் துருக்கி, அதன் பிறகு கென்யா. கைக்குழந்தையைத் தூக்க ஆள் வேண்டும் என்று ஸுலைஹாவையும் கூட்டிக்கொண்டார்கள். சேதி கேட்ட முத்தலிபுக்குத் தலைகால் புரியவில்லை. கடற்கரை வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் போய், “என்ட பொஞ்சாதி ஆபிரிக்காவுக்குச் சிங்கம் பாக்கப் போறா” என்று முழங்கினார். ஒருவன் படம் கேட்டான். இன்னொருவன் சிங்க நகம் ஒன்று கொண்டுவர ஏலுமா என்று விசாரித்தான். களப்புக்கு அந்தப் பக்கம்தான் வில்பத்துக் காடு. மிருகம் பார்க்க வெள்ளைக்காரர்கள் ஜீப்பில் நின்றுகொண்டு உள்ளே போவார்கள். இந்தக் கரையில் ஒருத்தியும் அப்படிப் போனதில்லை. ஸுலைஹாவுக்கும் உள்ளுக்குள் ஆசை பொங்கியது. ஏன் பொங்கக் கூடாது?

கென்யாவில் அவள் கண்ட காட்சிகளைச் சொல்கிறேன், கேளுங்கள். பால் போத்தல், துடைக்கும் கடதாசி, குழந்தையின் சப்பாத்து. அவளுக்குக் கொடுத்த இடம் வண்டியின் கடைசி இருக்கை. பிள்ளைக்கு வெயில் படக்கூடாது என்று யன்னல் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். “உன் கண் பிள்ளையில் இருக்க வேண்டும்” என்று மெடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். வண்டியின் கூரையைத் திறந்து எல்லாரும் எழுந்து நின்று, அதோ யானை, அதோ ஒட்டகச்சிவிங்கி என்று கத்தும்போது, ஸுலைஹாவுக்குத் தெரிந்தது அவர்களுடைய முழங்கால்கள்தான். இரவில் முத்தலிபு போன் எடுத்து, “என்னத்தப் பாத்த புள்ள?” என்று கேட்டால், “எல்லாம் பாத்தன்” என்று சொல்லிவிட்டு வைப்பாள். வைத்தபின் அழுகை வரும். ஆபிரிக்காவரை வந்து முழங்காலைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

கென்யாவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், புல்வெளி நடுவே வண்டி சட்டென்று நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். எல்லாரும் சத்தம் போடாமல் எழுந்தார்கள். சிங்கம் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை அவள் தோளில் அயர்ந்து தூங்கியது. அவள் ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தாங்கி, மறு கையால் முன்னிருக்கையைப் பிடித்து, கூரைத் திறப்பில் எழுந்து நின்றாள்.

வெட்டாந்தரையில், வண்டிக்கு மிக அருகில், ஒரு கிழட்டு ஆண் சிங்கம் படுத்திருந்தது. பிடரி மயிரில் முள்ளும் குப்பையும். மூக்கில் ஈ மொய்த்தது. வண்டியையும் வண்டியில் இருந்த பணக்காரர்களையும் அது ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. இதை எழும்பு என்று சொல்ல ஆள் இல்லை, இங்கே இரு என்று சொல்லவும் ஆள் இல்லை என்று ஸுலைஹா சந்தோஷத்தோடு நினைத்தாள்.

“உட்கார்” என்று மெடம் பல்லுக்குள் சீறினாள்.

ஸுலைஹா நின்றாள்.

மெடம் அவளுடைய பர்தாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள். “லா” என்றாள் ஸுலைஹா. மாட்டேன் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். அந்த வீட்டில் அதுவரை அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. சிங்கம் தன்பாட்டில் எழுந்து, உடம்பை முறித்து, புல்லுக்குள் போய் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை விழிக்கவே இல்லை. குவைத்துக்குத் திரும்பிய கிழமையே ஸுலைஹாவின் கையில் கொழும்புக்கு டிக்கெட்.

இதைக் கேட்ட முத்தலிபு தலையில் கை வைத்தார். “சிங்கம் பாக்கப் போய்ச் சீட்டுக் கிழிஞ்சிச்சு என்டு வெளியில சொல்ல ஏலுமா? மகள்ட கலியாணம் நிக்கிது புள்ள!” என்றார். அப்படித்தான் சீனி வருத்தம் பிறந்தது.

கலியாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை நௌஃபர், நுரைச்சோலையில் வெல்டிங் வேலை. ஷிம்லாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. சொல்லாவிட்டாலும் தாய்க்குத் தெரியாதா? பெண் கேட்டு வருகிற நாள் காலையில் குசினியில், அடுப்படியில், ஷிம்லா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இண்டைக்கு மட்டும் வாப்பா சொன்னபடி சொல்லுங்க உம்மா. எனக்காக.”

ஸுலைஹா தலையாட்டினாள். மகளுக்காக எதையும் விழுங்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மாப்பிள்ளையின் தாய் கமீலா வந்தாள். கணவன் மௌத்தானபின் ஜித்தாவில் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவள். கூடவே அவளுடைய அண்ணன், காக்கா அத்தாஉல்லா, மீசையை விடப் பெரிய தொண்டை உள்ளவர். கதிரைகளில் இருத்தி, பலகாரம் வைத்து, முத்தலிபு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கமீலா சுற்றி வளைக்கவில்லை. “ஸுலைஹா, குவைத்துல இருந்து வந்தவங்க வாயால ஒங்களப் பத்தி ஒரு கதை கேள்விப்பட்டன். ஏதோ மிருகம் பாக்க எழும்பி நிண்டு மெடத்தோட எதுத்துக் கதைச்சு, அனுப்பிட்டாங்களாம். அப்பிடி ஒரு பைத்தியக்காரி இருப்பாளா, அது பொய்யாத்தான் இரிக்கும் என்டு சொல்லிட்டுத்தான் வந்தன்.”

“பொய், பொய்! இவக்குச் சீனி” என்று முத்தலிபு குறுக்கே விழுந்தார். சொன்ன கையோடு சீனிப்பாத்திரத்தை மனைவிக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார்.

இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் குசினி வாசலைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் மகளின் கால்விரல்கள் தெரிந்தன. இந்தப் பொய்யோடு மகள் இன்னொரு வீட்டுக்குப் போனால், அங்கே அவளும் காலமெல்லாம் சீனியில்லாத தேத்தண்ணிதான் குடிப்பாள் என்று ஸுலைஹாவுக்குப் பட்டது. கையை நீட்டிப் பாத்திரத்தை இழுத்து, இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

“அந்தப் பைத்தியக்காரி நான்தான் ராத்தா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சிங்கம் பாக்க எழும்பினன். இரி என்டாங்க, மாட்டன் என்டன். பிள்ளைய நான் கைவிடல்ல, அது என்ட தோள்ல நித்திர. நாளைக்கு இன்னொரு சிங்கம் வந்தாலும் எழும்புவன்.”

முத்தலிபின் முகத்தில் ஈயாடவில்லை. திரைக்குப் பின்னால் ஷிம்லா விம்முவது கேட்டது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க ஸுலைஹா தயாரில்லை.

“போன எடத்துல அடங்கி இரிக்கோணும்!” கமீலாவின் குரல் உயர்ந்தது. “நான் பதினொரு வருசம் இருந்தன். ஒரு நாளைக்குத் தல நிமித்தியிருப்பனா?”

“பதினொரு வருசத்துல நீங்க என்னத்தப் பாத்தீங்க ராத்தா?”

கமீலா தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

“வேல செஞ்ச ஊட்டுக்கு முன்னுக்குக் கடல்” என்றாள். “நம்மட கடலப் போல இல்லயாம், பச்சையாம். மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அந்தப் பக்கத்து யன்னல நான் வெளியில பாத்துக்கிட்டுத் துடைக்கல்ல. கண்ணாடியப் பாத்துத்தான் துடைச்சன்.”

அத்தாஉல்லா கதிரையை விட்டு எழுந்து, “போதும் கமீலா. இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிவராது, வா போவம்” என்றார்.

“போறதென்டா நீங்க போங்க காக்கா. கலியாணத் தேதிய நான் இவங்களோட பேசிக்கிறன்.” கமீலா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் கதிரையை ஸுலைஹாவின் முழங்கால் முட்டும்வரை இழுத்துப் போட்டாள்.

“அந்தச் சிங்கம் எந்தப் பக்கம் தல வெச்சுப் படுத்திருந்திச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க.”