கிம்மோவுக்கு நான் வாசித்த வாழ்த்துப்பா

கிம்மோ படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்குவான். ஒரு கை கம்பியில், மறு கையில் கோப்பி, முகம் தான் விட்டு வந்த கதவைப் பார்த்தபடி. காலை எட்டு மணிக்கு என் சலவை அறைக்குள் முதலில் நுழைவது அவனுடைய முதுகு. முன்பக்கமாக இறங்கினால் வலது முழங்கால் குத்துகிறதாம், பின்பக்கமாக இறங்கினால் பேசாமல் இருக்கிறதாம். “முழங்காலுக்குக் கண் இல்லைத்தானே. நான் ஏறுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும்” என்பான்.

அவன் பேசுவது பின்லாந்து வாடை அடிக்கும் நோர்வேஜிய மொழி. என் மண்டைக்குள் வந்து சேரும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது. இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் என் நோர்வேஜிய மொழியின் லட்சணம் அவ்வளவுதான். ஆகவே அவன் சொன்னதாக இங்கே வருவதெல்லாம் என் காதில் விழுந்தபடி. ஒரு சொல்லை மட்டும் அவன் உண்மையாகவே தமிழில் சொல்வான்: ‘பாப்பம்.’ நான் பழக்கியது. பயிற்சியாளர் எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதில். அவர் அதைப் பின்லாந்துச் சொல் என்று எண்ணி மரியாதையாகத் தலையாட்டுகிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெயர் ஜெயரத்தினம், வயது நாற்பத்தெட்டு. ஒஸ்லோவில் உள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் ஆட்டக்காரரின் உடுப்புத் தோய்க்கிறேன். கழகத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அடுத்த கிழமை வேறு வேலை தேட வேண்டிவரும். தமிழ் விழாக்களில் யாராவது விசாரித்தால் ‘நோர்வே உதைபந்தாட்டத் துறையில் இருக்கிறேன்’ என்று சொல்வது வழக்கம். பக்கத்தில் என் மனைவி சத்தியபாமா நின்றால் மட்டும் இந்தப் பதில் எடுபடாது. “இவர் சட்டை தோய்க்கிறவர்” என்று அவள் முந்திக்கொள்வாள்.

கிம்மோ ஹாப்பசாரிக்கு முப்பத்து மூன்று வயது. பின்லாந்தின் கிழக்கே ஓர் ஏரிக்கரை ஊரில் பிறந்தவன். தொழில், மற்றவர்களைக் கோல் அடிக்க விடாமல் தடுப்பது. பதினேழு வயது வரை முன்னால் நின்று கோல் அடிக்கிறவனாகத்தான் இருந்தான். ஒரு சனிக்கிழமை பின்னால் நிற்கிறவனுக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்துவிட, இவனை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். மற்றவனுக்கு ஒரு கிழமையில் கன்னம் வற்றிவிட்டது. இவனை முன்னால் திருப்பி அழைக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பதினாறு வருடம், ஏழு கழகங்கள், மூன்று கோல்கள். மூன்றில் ஒன்று சொந்தக் கோலுக்குள் போனது. “அதுதான் மூண்டிலையும் வடிவானது” என்று அவனே சொல்கிறான். தேசிய அணிக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். தொண்ணூறு நிமிடமும் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலில் இருந்துவிட்டு, வியர்வை படாத சட்டையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனான். அந்தச் சட்டையை ஒருநாள் எனக்குக் கொண்டுவந்து காட்டினான். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தோய்க்கத் தேவையில்லாத அந்தச் சட்டையைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது. நல்ல துணி, மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஆட்டத்தில் அவன் ஓடி நான் அதிகம் கண்டதில்லை. பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்பான். பந்தும் வரும். எதிரணிக்காரனை விழுத்தினால் கை கொடுத்துத் தூக்கி, மன்னிப்புக் கேட்டு, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடுவான். பத்து நிமிடம் கழித்து அதே ஆளை அதே இடத்தில் மறுபடி விழுத்துவான். மன்னிப்பும் உண்மை, விழுத்துவதும் உண்மை.

அவன்மேல் எனக்கு ஒரு சொந்தம் இருப்பதற்குக் காரணம், நானும் ஒரு காலத்தில் அவனைப்போலப் பின்னால் நின்று தடுக்கும் ‘பெக்’ விளையாடியவன். எங்கள் ஊரில் ஓடத் தெரியாதவனையும், பந்து வாங்கித் தந்தவனுடைய தம்பியையும்தான் பெக்கில் நிறுத்துவார்கள். எனக்கு இரண்டு தகுதியும் இருந்தன. இதைக் கிம்மோவுக்குச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டான். அண்ணன் என்ன பந்து வாங்கினார், தோலா ரப்பரா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பின்லாந்தில் இரண்டு கழகம், சுவீடனில் இரண்டு, டென்மார்க்கில் ஒன்று, நோர்வேயில் பேர்கனில் ஒன்று, கடைசியாக ஒஸ்லோ. அவனை அனுப்பப்போவதை எந்தக் கழகமும் முகத்துக்கு முன்னால் சொன்னதில்லை. சுவீடனில் பெற்றோல் நிலையத்தில் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டான். டென்மார்க்கில் விடுமுறை முடிந்து போனபோது அவனுடைய அலுமாரியில் வேறொருவனின் பெயர் ஒட்டியிருந்ததாம். “எல்லாருக்கும் தெரிஞ்சாப் பிறகுதான் எனக்குத் தெரியும். இது ஏழாவது இடம்” என்றான் ஒருநாள், கோப்பியை ஊதிக்கொண்டே.

மனைவி தாதி, அவளுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. மகள் ஐனோவுக்குத்தான் எந்த ஊரிலும் சிநேகிதி கிடைத்ததில்லை. பதினொரு வயதுக்குள் ஐந்து பாடசாலை. நாங்களும் இருக்கும் ஒஸ்லோப் புறநகரான மோர்டென்ஸ்ருட்டுக்கு வந்த பிறகுதான், அதே வகுப்பில் படிக்கும் யூலியா என்ற நம்மவர் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாகவே பள்ளிக்குப் போகிறார்கள், ஒரே மாதிரித் தலை பின்னுகிறார்கள். இனிப் பாடசாலை மாறத் தேவையில்லை என்று கிம்மோ மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் கழகத்தோடு அவனுக்கு இருந்த ஒப்பந்தம் இந்த 2007 டிசம்பரோடு முடிகிறது. இன்னும் ஒரு வருடம் நீட்டித் தருவார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு அது.

யூலியாவின் தகப்பன் வின்சென்ற் பஸ் ஓட்டுகிறவர், எங்கள் மோர்டென்ஸ்ருட் இளந்தளிர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். நான் பதினான்கு வருடமாகச் செயலாளர், வேறு யாரும் கேட்காத பதவி என்பதால் என்னிடமே இருக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் நடக்கும் எங்கள் சுற்றுப்போட்டிக்கு இம்முறை கிம்மோவைப் பிரதம விருந்தினராக அழைத்தோம். பிரதம விருந்தினர் என்றால் பொன்னாடை உண்டு, பொன்னாடை என்றால் கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பா உண்டு. அதை எழுதுவது செயலாளரின் கடமை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் கணினியில் இருப்பது ஒரேயொரு வாழ்த்துப்பா. ஒன்பது வருடத்துக்கு முன், தமிழ்ப் பாடசாலை அதிபர் அருட்செல்வம் ஓய்வுபெற்றபோது இரண்டு கிழமை மண்டையை உடைத்து எழுதியது. பிறகு பெயரை மட்டும் மாற்றிப் பதினொரு பேருக்கு வாசித்தாயிற்று. ஒரு பல் வைத்தியர், ரொம்மனில் கடை திறந்த ஒருவர், வெள்ளிவிழாக் கொண்டாடிய ஒரு தம்பதி. ஒருவரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் ஒருவரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. வாழ்த்துப்பா வாசிக்கும் நேரம்தான் எங்கள் சனம் மிதிவெடி வாங்கப் போகும். மிதிவெடி என்பது நாங்கள் ரோல்ஸுக்குள் முழு முட்டை வைத்துச் செய்யும் பதார்த்தம், பயப்பட வேண்டாம்.

ஆனால் கிம்மோவுக்குத் தமிழ் விளங்காது என்பதால், சட்டம் படிக்கும் துஷ்யா என்ற பிள்ளையை வின்சென்ற் மேடைக்கு ஏற்றிவிட்டார். நான் ஒரு வரி வாசிக்க, அவள் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். நேர்மையான பிள்ளை, இருந்ததை இருந்தபடியே சொன்னாள். மாணாக்கரின் அறியாமை இருளைக் கிம்மோ அகற்றியதாகச் சொன்னாள். அவனுடைய கையால் பிரம்படி வாங்கியவர்கள் இன்று பொறியியலாளர்களாக இருப்பதாகச் சொன்னாள். அடுத்த வரியை நான் வாசித்த பிறகுதான் எனக்கே கேட்டது. ‘நீவிர் பணி ஓய்வு பெற்றுச் செல்லும் இந்நன்னாளில்.’ நிறுத்த நினைத்தேன். துஷ்யா அதற்குள் மொழிபெயர்த்துவிட்டாள், சனம் கைதட்டிவிட்டது.

கிம்மோ பொன்னாடையோடு அசையாமல் நின்றான். பின்லாந்துக்காரனின் முகத்துக்கு ஒரு செய்தி வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். பிறகு குனிந்து என் காதில் சொன்னான். “நான் ஓய்வுபெறுறன் எண்டு எனக்கு இப்பதான் தெரியும். ஆனால் நல்லாய் எழுதியிருக்கிறீர்.”

அதோடு முடிந்திருந்தால் நானும் வின்சென்றும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அன்று எங்கள் பகுதியில் வீடு வீடாக இலவசமாகப் போடும் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். புதன்கிழமை ஐந்தாம் பக்கத்தில் கிம்மோ பொன்னாடையும் சட்டமுமாக நின்றான். தலைப்பு அவன் உதைபந்தாட்டத்திலிருந்து விடைபெறுவதாகச் சொன்னது. தமிழ் மக்கள் கண்ணீர் விட்டார்களாம். அந்தக் கண்ணீர் வின்சென்றின் ஒவ்வாமை. வியாழக்கிழமை கழகத்தின் நடைபாதையில் ஆட்டக்காரர்கள் கிம்மோவுக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். ஒப்பந்தம் பேசும் காலத்தில் ஒருவன் தானே போகிறேன் என்று சொன்னதாகப் பத்திரிகையில் வந்தால், யார் நீட்டிக் கொடுப்பார்கள்? அதே கிழமை கிம்மோவின் முகவருக்கு வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் உள்ள ஒரு கழகம் இரண்டு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது. அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டும் என்றார்கள். கிம்மோ முகவரிடம் இன்னும் பொறும் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

சத்தியபாமா பத்திரிகையை மேசையில் விரித்து வைத்தாள். “உங்கடை வாழ்த்துப்பாவாலை அந்தப் பிள்ளை ஆறாவது பள்ளிக்கூடம் போகப்போகுது. போய்ச் சொல்லுங்கோ” என்றாள். போனேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் பொத்தான் பூட்டாததால் கையைக் கட்டியபடி, கழகத்தை நடத்தும் பணிப்பாளரின் அறைக்கு முன்னால் அரை மணிநேரம் நின்றேன். ஆறு வருட வேலையில் மேல்மாடிக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

அருட்செல்வம் அதிபரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பணிப்பாளர் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நான் கவலைப்பட வேண்டாம் என்றார். பத்திரிகையால் ஒன்றும் கெட்டுவிடவில்லையாம், கிம்மோவுக்கு ஒப்பந்தம் இல்லை என்று ஜூன் மாதமே முடிவாகிவிட்டதாம். அவனுடைய இடத்துக்கு இருபது வயது ஆட்டக்காரன் ஒருவன் கையெழுத்தும் போட்டுவிட்டான். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு கிம்மோவுக்குச் சொல்வார்கள். அதுவரை இது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்.

என்மேல் பழி இல்லை என்றதும் எனக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. படிக்கட்டுவரை அது இருந்தது. கீழே இறங்கும்போதுதான், இப்போதும் கிம்மோவுக்கு முன்னமே மேல்மாடியில் எல்லாருக்கும் தெரியும், அந்த எல்லாரில் நானும் ஒருவன் என்பது உறைத்தது. சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் வடக்கில் கிடைப்பதும் அவனுக்குக் கைநழுவிப் போகும். ஆறு நாள் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் ஆறு நாளும் அவன் வரும் நேரம் பார்த்து இயந்திரத்தின் பின்னால் ஏதோ திருத்துவதுபோல ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. பயிற்சி முடிந்து வந்த காலுறைகளை மேசையில் கொட்டிச் சோடி பிரித்துக்கொண்டிருந்தபோது கிம்மோ வந்து எதிரில் நின்றான். செயலாளர் அல்லவா, ஒரு முன்னுரை தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது எங்கோ போய்விட்டது.

“கிம்மோ, இஞ்சை உமக்கு ஒப்பந்தம் இல்லை. ஜூனிலையே முடிவெடுத்திட்டினம்.”

அவன் கையிலிருந்த கோப்பையை மெதுவாக வைத்தான். யார் சொன்னது என்று கேட்டான், சொன்னேன். எனக்குச் சொல்ல அனுமதி இருந்ததா என்று கேட்டான், இல்லை என்றேன்.

“அப்ப உம்முடைய வேலை?”

“போனால் வின்சென்ற் பஸ் ஓட்டப் பழக்குவார். நீர் வடக்கிலை வந்ததை விட்டிடாதையும். நாளைக்கு வெள்ளி.”

கிம்மோ சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, என் கண் கலங்கியிருந்ததால்.

“பதினாறு வருஷத்திலை முதல்தரம் ஒரு ஆள் நேரை சொல்லியிருக்கு” என்றான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. திரையில் முகவரின் பெயர். எடும், எடும் என்றேன். அவன் எடுக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“இனிப் பள்ளிக்கூடம் மாறத் தேவையில்லை எண்டு ஐனோவுக்குச் சொல்லிப்போட்டன்” என்றான்.

பிறகு மேசையில் கிடந்த காலுறைக் குவியலை விலக்கி, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை அதற்குள் வைத்து, மேலே இன்னும் நாலு சோடியைப் போட்டு மூடினான்.