படிக்காத, புரட்டு

எங்கள் பள்ளி நூலகம் ஒரு பச்சை இரும்பு பீரோவுக்குள் இருந்தது. அதன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் ஓர் இரண்டாசிரியர் பள்ளியின் தலைமையாசிரியன்; கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறி, பருத்திக் காடுகளுக்கு நடுவே இறங்கிக்கொள்கிறவன். எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்ற பிறகும் மூன்று முறை அதே பஸ்ஸில் வந்து, காணாமல் போன ஒரே ஒரு புத்தகத்தைத் தேடினார். பீரோவுக்கு அடியில் குனிந்து கிடந்த அவருடைய முதுகைப் பார்த்த அன்றே முடிவெடுத்துவிட்டேன். என் காலத்தில் ஒரு புத்தகமும் தொலையாது. தொலைய வேண்டுமென்றால் அது முதலில் வெளியே வர வேண்டுமே.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. வாசிக்கச் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. கரும்பலகையில் எழுதிக் குச்சியால் தொட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். எழுத்தைக் கொடுத்தேன். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு போய்வர ஓர் இடத்தைக் கொடுக்கவில்லை. இதெல்லாம் இப்போது வருகிற ஞானம். அப்போது வந்ததெல்லாம் சாவி பத்திரமாக இருக்கிறதா என்ற கவலைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போனில் செய்தி வந்தது. மூன்று மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். நூலகப் புத்தகங்களைப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பாராம்.

பீரோவைத் திறந்தேன். உறை பிரியாத புத்தகங்கள் கல்யாணச் சீர் மாதிரிப் பளபளத்தன. எனக்கு வேர்த்துவிட்டது.

“டீச்சர், புஸ்தகம் புதுசா இருக்குன்னு மெமோ குடுப்பாவளா?” என்று ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் கேட்டேன்.

“இத்தன நாளும் கிழிஞ்சிருமோன்னு பயந்தீய. இப்ப கிழியலையேன்னு பயப்படுதீய. உங்களுக்கு எதுக்காவது பயப்படணும் சார்.”

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தேன். உத்தரவு எளிமையானது: மதியத்துக்குள் இவை பழசாக வேண்டும். பக்கத்தைப் புரட்டு, முனையை மடக்கு, கை அழுக்கு ஒட்டினால் ஒட்டட்டும். பதற்றம் வந்தால் கடலை மிட்டாய் தின்பது என் வழக்கம். அந்தப் பிசுபிசுத்த விரலால் நானே நாலு புத்தகங்களைப் பயன்படுத்தினேன்.

முதலில் நல்ல சலசலப்பு. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிப்போயிற்று. வேலை நின்றுவிட்டதே என்று எனக்கு எரிச்சல். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள், ஒரே பக்கத்தில் விரலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, என்ன செய்யுத?”

“கழுதை டிக்கெட் எடுக்காம ரயில்ல ஏறிட்டு சார்.”

“படிக்காதட்டி. புரட்டு. நேரம் இல்ல.”

சம்பளம் வாங்குகிற ஓர் ஆசிரியன் சொன்ன சொல் அது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அலுவலர் அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேராக அந்தப் பிள்ளையிடம் போய், கையில் இருந்த புத்தகத்தைக் காட்டி, என்ன கதை என்று கேட்டார்.

“முழுசாத் தெரியாது மிஸ். படிக்கக் கூடாது, புரட்ட மட்டும் செய்யின்னு சார் சொன்னாவ.”

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“அப்ப ஒண்ணுமே படிக்கலையா?”

“ஒம்பது பக்கம் படிச்சிட்டேன். சார் அங்கிட்டுப் போகும்போது.”

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் பீரோவைப் பார்த்தேன். பிறகு, மூன்று வருடக் கதையையும் உள்ளபடி சொல்லிவிட்டேன். பொய் சொல்லவும் ஒரு நிதானம் வேண்டும். அது அன்றைக்கு என்னிடம் இல்லை. அவர் மெமோ எதுவும் தரவில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை, “வீட்டுக்குக் கொண்டு போட்டுமா மிஸ்?” என்றாள்.

“சார்கிட்ட கேளும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

மெமோவே தேவலை என்று இருந்தது. அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். கொடுத்தால் தொலையலாம்; கிழியலாம். கொடுக்காவிட்டால் அந்தக் கழுதை ஒன்பதாம் பக்கத்திலேயே நிற்கும், இவளும் கூடவே நிற்பாள்.

“திங்கக்கிழமை கொண்டு வந்துரணும்,” என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குக் கழுதை ஞாபகம்தான். திங்கட்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள்.

“எங்கட்டி புஸ்தகம்?”

“அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டு போயிட்டா சார். நான் வாசிச்சுக் காட்டினேன், பாதியில உறங்கிட்டேன். மிச்சத்த வேலைக்குப் போற வேன்ல படிச்சிக்கிடுதேன்னுட்டா.”

தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற தொழிற்சாலைக்கு ஓர் அரசாங்கப் புத்தகம் போயிருக்கிறது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே ஆறுதல் சொன்னாள்: “டிபன் பைக்குள்ளதான் வச்சிருக்கா. ஒண்ணும் ஆவாது சார்.”

“அம்மா மெதுவாவே முடிக்கட்டும். அவசரம் இல்ல,” என்றேன். சொன்னது நிஜம்தான். சொன்ன கையோடு, சாயங்காலம் அந்த வேன் எத்தனை மணிக்கு ஊருக்குத் திரும்பும் என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன்.