சணலில் கட்டிவைத்த வெண்பா

சின்னக்கண்ணுவிடம் கவிதை கற்றுக்கொள்ளப் போனவர்கள் எல்லாருமே முதல் நாள் ஏமாந்து போனவர்கள்தான். நானும் அப்படித்தான். நிலா, கடல், காதல் என்று ஏதாவது சொல்லித் தருவார் என்று குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால், மனுஷன் விரல் நகத்தால் மேசையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் நேரசை. அடுத்தடுத்து இரண்டு தட்டினால் நிரையசை. மற்றதெல்லாம் இதற்கு மேல் கட்டுகிற கட்டடம் என்றார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. நான் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அன்வருதீன் பாய் அச்சகம் வைத்திருந்தார். அந்த அச்சகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாப்பு வகுப்பு. சின்னக்கண்ணு மில்லில் நூல் பிரிவில் வேலை செய்கிறவர். வாரம் முழுக்க இயந்திரத்தின் சத்தத்தில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களுக்குச் சீர் பிரிக்கச் சொல்லிக்கொடுப்பார். எங்களுக்கு என்றால் பாய், நான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா பாவாடை, இன்னும் வந்து வந்து போகிற சிலர்.

"கவிதைன்னா உணர்ச்சிதானேங்க?" என்று பாவாடை முதல் வகுப்பில் கேட்டார்.

"அத வூட்லயே வெச்சிட்டு வாங்க. இங்க அசை, சீர், தளை, அடி, தொடை. இது தெரிஞ்சாதான் அது நிக்கும்" என்றார் சின்னக்கண்ணு.

நியாயமாகச் சொன்னால் அவர் நன்றாகவே சொல்லித் தந்தார். எங்கள் பெயர்களையே எடுத்துப் பிரித்துக் காட்டினார். பா-வா-டை, மூன்றும் நேர், தேமாங்காய். அன்-வரு-தீன், கூவிளங்காய். ஒரு சீர் முடிகிற விதத்தைப் பார்த்துத்தான் அடுத்த சீரைத் தொடங்க வேண்டும், அந்தப் பிணைப்புக்குப் பெயர் தளை. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை, முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை. என் பெயர் வந்தபோது மட்டும் உதட்டைப் பிதுக்கினார். சந்-திர-கலா, கூவிளங்கனி. கனிச்சீருக்கு வெண்பாவில் இடமில்லையாம்.

"சந்திரான்னு வெச்சிக்க. நிக்கும்."

"என் பேர நான் ஏன் வெட்டிக்கணும்? உங்க வெண்பாவ அகலமாக்குங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை.

அவர் எழுதியதில் ஊர் முழுக்கப் போனது ஒரே ஒரு வெண்பாதான். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துவிட்டால் கருமாதிக்கு அவர் படத்தைப் போட்டு அட்டை அடிப்பார்கள். படத்துக்குக் கீழே நாலு வரிப் பாட்டு இருந்தாக வேண்டும். அதற்காக யாருக்கோ ஒருமுறை எழுதியது அது. கேட்டவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். பாயும் ஒவ்வொரு முறையும் எழுத்துக் கோக்க அலுத்துப்போய், கோத்த ஈய எழுத்துகளை அப்படியே சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். வேண்டும்போது எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அச்சில் ஏற்றினால் போதும்.

விளக்கணைந்து போனதெங்கள் வீட்டில் இருளே
உளமெல்லாம் ஓலம் ஒலிக்க – களிமுகத்துக்
கன்னியம்மாள் காலமெல்லாம் சேர்த்தநலம் சொல்லிடவோ
சொல்லுமில்லை நாவுமில்லை இங்கு.

கன்னியம்மாள் இருக்கிற இடத்தில் அஞ்சலாட்சி வரும், பாவாடை வருவார், யாரும் வரலாம். சின்னப் பெயராக இருந்தால் பின்னால் ஓர் 'அம்மாள்' சேர்த்து இழுத்துக்கொள்ள வேண்டியது. யார் செத்தாலும் களிமுகம்தான். வாழ்நாள் முழுக்க எரிந்து விழுந்த கிழவனுக்கும் களிமுகம்தான். அதைப் படித்து ஜனங்கள் விம்மி விம்மி அழுவார்கள், அது வேறு விஷயம்.

ஒரு வகுப்பில் அவரே ஒரு செய்தி சொன்னார். "என் வூட்டுக்காரி சொல்றா, நான் செத்தா இந்தப் பாட்ட எனக்குப் போட்டுடாத, எனக்குன்னு தனியா ஒண்ணு எழுதுன்னு." நாங்கள் சிரித்தோம். "எழுதுறேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் தளைக்குப் போய்விட்டார். அவர் மனைவி செல்வாம்பாளை நான் இரண்டொரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நெல்லித்தோப்பில் அவர்கள் வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். முகத்தில் சிரிப்பு என்பதே இருக்காது.

எண்பத்து மூன்றில் அவள் போய்விட்டாள். வயிற்றில் ஏதோ கட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கொள்ளி வைத்தது தம்பி மகன். சின்னக்கண்ணு அழவில்லை. ஆண்பிள்ளை என்று அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அடக்குகிற முகம் எனக்குத் தெரியும். அது அப்படி இல்லை.

கருமாதிக்கு நான் போனபோது பாய் வாசலில் நின்று அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். மனுஷன் துக்கத்தில் இருக்கிறார், அவரைப் போய் பாட்டு எழுது என்று கேட்பதா என்று, தானே அலமாரியிலிருந்து அந்தச் சணல் கட்டை எடுத்துப் பெயரை மாற்றி அடித்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனசில் செய்ததுதான். அட்டையைப் பார்த்தேன். களிமுகத்துச் செல்வாம்பாள். அவள் கேட்டதே ஒன்றே ஒன்று, அதுவும் நடக்கவில்லை.

சின்னக்கண்ணு ஓர் அட்டையை வாங்கினார். நகத்தால் அதன் ஓரத்தைத் தட்டித் தட்டிப் படித்தார். செல்வாம்பாள், சொல்லுமில்லை, இரண்டிலும் இரண்டாம் எழுத்து ஒன்றே. மற்ற எந்தப் பெயருக்கும் அந்த இடத்தில் எதுகை அமைந்ததில்லை.

"எதுகை சரியா வுழுந்திருக்குது பாய்" என்றார்.

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சின்னக்கண்ணு அவரை வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்துவிட்டார். மோனையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மில்லுக்குப் போனார், வந்தார், சோறு பொங்கித் தின்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சம்மணம் போட்டு ரொம்ப நேரம் ஒக்காந்தா கால் மரத்துப்போவும் பாரு. கிள்ளுனாலும் தெரியாது. அப்பிடி இருக்குது" என்றார். அதைச் சொல்லும்போதும் குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

தெவசம் நெருங்கியபோதுதான் அந்தப் பேச்சை எடுத்தார். கொடுத்த வாக்கை முதல் வருஷத்து அட்டையிலாவது காப்பாற்றிவிட வேண்டும். முழுப் பாட்டும் புதிதாக வரவில்லை, களிமுகத்து என்பதையாவது மாற்ற வேண்டும் என்றார்.

"அவ சிரிச்சி நான் பாத்ததே இல்ல. களிமுகம்னு போட்டா பொய்தானே?"

அதை எங்களுக்குப் பயிற்சியாகவே கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் காய்ச்சீர் ஒன்று வேண்டும், இரண்டாம் எழுத்து ளகரமாக இருக்க வேண்டும், பொருள் செல்வாம்பாளுக்குப் பொருந்த வேண்டும். பாவாடை மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டுக் குலவிளக்கு என்றார். அது ஏற்கெனவே முதல் வரியில் அணைந்துவிட்டது என்றேன். பாய் இளகுமனம் என்றார். தாயுள்ளம், பொன்மனம், இன்னும் என்னென்னவோ வந்தது. சின்னக்கண்ணு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, தட்டுறத நிறுத்துங்க. சீரு அப்புறம் பாத்துக்கலாம். அவங்க எப்பிடி இருந்தாங்க? அத சொல்லுங்க மொதல்ல."

"கோவக்காரி" என்றார்.

"அப்புறம்?"

"மீன் கொழம்பு நல்லா வெப்பா."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். கீழே அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. விரல் மேசை மேல் இருந்தது, தட்டவில்லை. பாய்தான், நேரமாகிவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்தார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்ல ஒரு குழம்புதானா? கூடவே பாவமாகவும் இருந்தது.

தெவசத்துக்கு அட்டை அடிக்கவில்லை. சொல் கிடைக்காமல் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானும் பாயும் நெல்லித்தோப்புக்குப் போயிருந்தோம். படையல் முடிந்து, தெருப் பெண்கள் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பு அட்டையில் வந்தது அவள் பெயர்கொண்ட வேறு ஒருத்தி. இவள் செல்வாம்பாளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள்.

அவள்தான் கேட்டாள். "ஏண்ணா, இந்த வாட்டி அட்ட இல்லியா?"

"இல்லம்மா. போன தடவ தப்பா அடிச்சிட்டாங்க. களிமுகம்னு. அவளுக்கு ஏது களிமுகம்? அவ சிரிச்சதே கெடையாது" என்றார் சின்னக்கண்ணு.

கன்னியம்மாள் இலையைக் கீழே வைத்தாள்.

"யாரு, செல்வாம்பாளா? யாருண்ணா சொன்னா? அவ சிரிப்பக் கேக்கவே நாங்க கொழாயடிக்கு முன்னாடியே வந்து நிப்போம்."

மற்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கன்னியம்மாளே தொடர்ந்தாள்.

"எந்த வூட்டுக் கருமாதி அட்ட வந்தாலும் கொழாயடிக்கு எடுத்தாந்துடுவா. 'இந்தா வந்துடுச்சிடி களிமுகம், இந்த வாட்டி யாருன்னு பாரு'ன்னு உன்ன மாரியே தட்டித் தட்டிப் படிச்சிக் காட்டுவா. முந்தானைய வாயில அடச்சிக்கினு சிரிப்பா பாரு, கொடம் ரொம்பி வழியறதுகூட யாருக்கும் தெரியாது."

"வூட்ல சிரிச்சதில்லையே" என்றார் சின்னக்கண்ணு.

"வூட்ல எப்பிடிண்ணா? நீ தட்டிக்கினு ஒக்காந்திருப்ப. சின்னதா சத்தம் வந்தாலும் கணக்குத் தப்பிப்போச்சின்னு கத்துவ. வாசப்படி ஏறும்போதே மூஞ்சிய மாத்திக்குவா."

அவள் குற்றம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னக்கண்ணுவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. வருத்தம்கூட வரவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"எப்பிடிம்மா சிரிப்பா?"

கன்னியம்மாள் சிரித்துக் காட்டலாம் என்று முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் அந்தச் சிரிப்புக்குக் காத்து அவள் முன்னாலேயே நின்றார்.