கூட்டத்தில் பிரிந்தால் குபேர லிங்கத்தில் நில்லுங்கள்

போன மாசிப் பௌர்ணமி அன்று காலை, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் மகன் வருவான் என்று காத்திருந்த ஒரு தாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கத்தில் இறக்கிவிட்டார்கள். அன்று மாலை மகன் வந்தபோது அவர் அங்கே இல்லை. இதுதான் நடந்த தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில், மலை, சாப்பாடு என்று வரிசையாக எழுதினால், பாதியில் நிறுத்திவிட்டு லாட்ஜ் வாடகை எவ்வளவு என்று கீழே கமெண்டில் கேட்பீர்கள்.

வாடகை முந்நூறு ரூபாய். ஆனால் எனக்கு அறை கொடுக்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

நான் ஆற்காட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. காயில் கட்டுவதும் கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பதும் நானே கற்றுக்கொண்டவை. வருடத்தில் ஒரு பௌர்ணமிக்காவது நானும் என் மனைவியும் கிரிவலம் போய்விடுவோம். இந்த முறை அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "நீங்க போங்க, எனக்கும் சேத்து சுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

ஆரணி, போளூர் வழியாகப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். போகிறவர்கள் முதல் நாளே போய்விடுங்கள். பௌர்ணமி அன்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து வெயிலில் நடக்க வேண்டும். கிரிவலப் பாதையே பதினான்கு கிலோமீட்டர் என்பதை மறக்க வேண்டாம். நான் முதல் நாள் பகல் இரண்டு மணிக்கெல்லாம் இறங்கி, வழக்கமாகத் தங்கும் லாட்ஜுக்குப் போனேன்.

"எத்தினி பேரு?" என்றார் மேனேஜர்.

"நான் ஒருத்தன்தான்."

"சிங்கிளுக்கு ரூம் இல்லீங்க பெரியவரே."

"ரெண்டு பேர் வாடகையே தரேன்."

"வாடகைக்காகச் சொல்லலீங்க. வயசானவங்களுக்கு புள்ளைங்க ரூம் போட்டுக் குடுத்துட்டு அப்படியே போயிடறாங்க. அப்புறம் போலீஸு, ஆஸ்பத்திரின்னு நாங்கதான் அலையணும். உங்கள கூட்டினு போக யாராச்சும் வருவாங்களா?"

"என்ன கூட்டினு போக யாரு வரணும்? நானே வந்தேன், நானே போவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

போன வருடம் இதே மேசைக்கு முன்னால், இதே மனிதரிடம், மனைவியோடு நின்று சாவி வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் அவள் இருந்தால் நான் யாத்ரீகன். இல்லாவிட்டால் யாரோ கொண்டுவந்து விட்டுப் போன கிழவன். அடுத்தடுத்து நான்கு லாட்ஜுகளில் ஏறி இறங்கினேன். அதே கேள்வி, அதே பதில். ஆசிரமம் பக்கம் போகலாமா என்று ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "அங்க எப்பவோ ஃபுல்லுங்க. இங்கயே யாராவது குடும்பத்தோட சேந்துக்கினு சித்தப்பான்னு சொல்லுங்களேன்" என்று யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பொய் சொல்லி அறை வாங்க எனக்கு விருப்பமில்லை. துண்டு இருந்தது, மஞ்சள் பை இருந்தது. கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் வரை போய், அதைத் தாண்டி ஒரு மரத்தடியில் துண்டை விரித்தேன்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் காவி கட்டியவர். இன்னொருவர் பச்சையம்மா, அறுபது வயதிருக்கும், வலது கால் யானைக்கால் போல வீங்கியிருந்தது.

"ஊர்ல வூடு இல்லியா?" என்றார் காவிக்காரர்.

"இருக்குது. லாட்ஜுலதான் தரமாட்டேன்னுட்டாங்க."

"நம்ம லாட்ஜுல அட்வான்ஸ் கூட கேக்க மாட்டாங்க. படுங்க."

பச்சையம்மா சிரித்தார். அவர் அங்கே உட்கார்ந்து ஒரு மாதம் ஆகிறது என்றார். தைப் பௌர்ணமிக்கு மகனோடு வந்தவர். கூட்டத்தில் பிரிந்தால் குபேர லிங்கத்தில் நிற்க வேண்டும் என்று புறப்படும்போதே பேசிக்கொண்டார்களாம். கிரிவலம் போகும் எல்லாக் குடும்பங்களும் இப்படிப் பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றைச் சொல்லிவைப்பதுதான். அதேபோலப் பிரிந்தார்கள். குபேர லிங்கத்துக்கு முந்திய வாயு லிங்கத்தருகே இவருக்குக் கால் நகரவில்லை. அங்கேயே சாய்ந்துவிட்டு, விடிந்தபின் ஊர்ந்து குபேர லிங்கம் வந்தபோது மகன் இல்லை. கரும்பு வெட்டும் கூட்டத்தோடு லாரியில் போய்விட்டிருந்தான்.

"வுட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லு" என்றார் காவிக்காரர். "இங்க கீற பாதிப் பேருக்கு அதான் கதை."

"உன் வாயில மண்ணு. கரும்பு வெட்ட ஆள் சேக்கற மேஸ்திரி கிட்ட முன்பணம் வாங்கியிருக்கான். லாரி கெளம்பினா ஏறித்தான் ஆவணும்."

"ஊருக்குப் போயிடலாமே அம்மா?" என்றேன்.

"ஊர்ல இன்னா கீது ஐயா? போன மழையில செவுரு வுழுந்துச்சு. அவனோட கரும்புக் கொல்லை கொல்லையாப் போய் கொட்டாயிலதான் கெடக்கறேன். இப்ப எந்த ஊர்ல வெட்டறானோ எனக்குத் தெரியாது. நான் எங்க கீறேன்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச எடம் இது ஒண்ணுதான். பௌர்ணமிக்கு லீவு வுடுவாங்க, வருவான்."

உண்மையைச் சொன்னால், நான் காவிக்காரர் பக்கம்தான் இருந்தேன். லாட்ஜ் மேனேஜரைத் திட்டிக்கொண்டே படுத்த நான், அவர் சொன்ன கதையைத்தான் பச்சையம்மாவைப் பற்றி நம்பினேன்.

விடிந்ததும் வண்டிச் சத்தம் கேட்டது. காவிக்காரர் எழுந்து பச்சையம்மாவிடம், "அதான் உன்னயும் காவி கட்டுன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் புதர்ப்பக்கம் போய்விட்டார். காவி கட்டியிருந்தால் சாமியார், சாதாரணச் சேலை என்றால் பிச்சைக்காரி. பாதையில் இதுதான் கணக்கு.

நாலைந்து ஆட்களோடு ஒரு மேற்பார்வையாளர் இறங்கினார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு, "மேலேர்ந்து" என்றார். லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கப்போகிற பாதை சுத்தமாக இருக்க வேண்டுமாம். "எந்திரி, எந்திரி, ஜல்தி" என்று ஒவ்வொருவராக எழுப்பினார்கள். என் தோளையும் தொட்டார்கள்.

"நான் கிரிவலம் வந்தவன்."

"எந்த லாட்ஜுல தங்கியிருக்கீங்க?"

காலில் செருப்பில்லை, முகத்தில் மூன்று நாள் தாடி. மடியிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "அப்படி ஓரமாப் போங்க ஐயா" என்றார். பூட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறவனுக்கு அந்த மரியாதை.

பச்சையம்மாவிடம் சாவி இல்லை. மரத்து வேரைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாளு வுடுங்கய்யா, எம்புள்ள இன்னிக்குத்தான் வருவான்" என்று கெஞ்சினார். "வரவன் போன மாசமே வந்திருப்பான் ஆயா" என்று இரண்டு பேர் தூக்கினார்கள். நான் குறுக்கே நின்று, எங்கே கொண்டு போகிறீர்கள் என்று சொன்னால்தான் நகர்வேன் என்றேன். டிரைவர்தான் சொன்னார்: "செங்கம் பஸ் ஸ்டாண்டுல வுட்டுடுவோம் சார். முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான். பௌர்ணமி முடிஞ்சா அவங்களே திரும்பி வந்துடுவாங்க."

வண்டி நகரும்போது பச்சையம்மா கம்பி வழியாகக் கத்தினார். "ஏழுமலைன்னு பேரு ஐயா! எடது கையில சுண்டு வெரலு இருக்காது! இந்த எடத்த வுட்டுப் போயிடாதீங்க!"

போகவில்லை. பச்சையம்மா இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

அன்று நான் பார்த்த கிரிவலம் உட்கார்ந்தபடி பார்த்தது. மாலை நான்கு மணிக்குமேல் கூட்டம் பெருகியது. முன்னால் விரித்திருந்த துண்டில் காசு விழுந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தால், குறைவாகப் போட்டுவிட்டோமோ என்று இன்னும் போட்டார்கள். புளியோதரைப் பொட்டலம் மட்டும் பதினொன்று வந்தது. முதல் நாள் ஒன்றுகூட வரவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானோ ஒவ்வொருவருடைய இடது கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்காட்டில் என்னிடம் பம்புசெட் மோட்டார் கொடுத்து வாங்கியவர் ஒருவர் கண்ணெதிரே வந்தார், பார்த்தார், சட்டென்று மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி கடந்துபோய்விட்டார். நான் ஒதுங்கப் போகவேண்டி வந்தபோது, புதரிலிருந்து திரும்பியிருந்த காவிக்காரர், "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். வரமாட்டான், ஆனா பாத்துக்கறேன்" என்றார்.

ஏழரை மணிக்கு ஓர் இளைஞன் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வந்தான். உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கிழவி முன்னாலும் குனிந்து முகம் பார்த்தான். நாங்கள் அவன் சுண்டு விரலைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "ஏழுமலை!" என்று காவிக்காரர்தான் முதலில் கத்தினார்.

விஷயத்தைச் சொன்னோம். உடனே செங்கத்துக்கு ஓடப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். "அங்க இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, நாளைக்கு மதியத்துக்குள்ள இங்க வந்துடு. நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றேன். தலையாட்டிவிட்டு ஓடினான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பச்சையம்மா பாதையில் நொண்டிக்கொண்டே வந்தார். செங்கத்தில் இறக்கிவிட்ட உடனேயே நடக்க ஆரம்பித்தாராம். பாதி வழியில் ஒரு பால்வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மகன் வந்தான், தேடிக்கொண்டு செங்கம் போயிருக்கிறான் என்றதும் திரும்பி நடக்கப் புறப்பட்டார். நானும் காவிக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்கார வைத்தோம். "இன்னும் ஒருதரம் நீங்க நகர்ந்தா நானே அந்த வண்டியக் கூப்பிடுவேன்" என்று அதட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஏழுமலை வந்தான். அம்மாவைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "எம்மா, எத்தினி நாளு" என்று மட்டும் சொன்னான். பச்சையம்மா காவிக்காரரைப் பார்த்து, "இப்ப சொல்லுடா" என்றார். அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் ஒரு பீடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் மலையைச் சுற்றாமலேயே ஊர் திரும்பினேன். எனக்கு முன்பே செய்தி போயிருந்தது. "நீங்க அங்க பிச்சை எடுக்கறீங்கன்னு போன் வந்துச்சு" என்றாள் மனைவி. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சுத்தினதாத்தான் கணக்கு" என்றாள்.

இனி செய்ய வேண்டியவை. கெஞ்சலாக எழுதவில்லை.

வண்டி அனுப்புகிறவர்கள், பௌர்ணமிக்கு முன்பும் அன்றும் யாரையும் அள்ளக் கூடாது. தொலைந்தவர்களைத் தேடி ஆள் வருவது அந்த நாளில்தான். தங்க வைக்க வேண்டுமானால் ஊருக்குள்ளேயே கூரையும் கழிப்பறையும் உள்ள இடத்தில் வையுங்கள். யாரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எட்டு லிங்கங்களிலும் பலகை எழுதுங்கள். அடுத்த ஊர் பேருந்து நிலையத்தில் கொட்டுவதற்குச் சுத்தம் என்று பெயர் சொல்லாதீர்கள்.

அன்னதானம் செய்கிறவர்கள், பௌர்ணமிக்கு மறுநாளும் வர வேண்டும். பதினொரு பொட்டலத்தை ஒரே நாளில் யாரும் தின்ன முடியாது.

மேஸ்திரிகள், தாயைத் தேடுகிறவனுக்காக லாரியை அரை நாள் நிறுத்துங்கள்.

நடக்கப் போகிற நீங்கள், சந்திக்கும் லிங்கத்தைப் பேசி வைப்பதோடு, ஊர்ப் பெயரையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிப் பெரியவர்கள் மடியில் முடிந்து வையுங்கள். காசு போடுவதற்கு முன்னால், யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

லாட்ஜ்காரர்கள், தனியாக வருகிறவருக்கு அறை கொடுக்க வேண்டும். நான் பங்குனிப் பௌர்ணமிக்கு, மனைவியின் கால் சரியாகிவிட்டாலும், தனியாகத்தான் வருவேன். அதே மேசைக்கு முன்னால் நிற்பேன். மேனேஜர் சாவியை எடுத்து வைக்கட்டும்.