மந்தைவெளியில் ஒரு வெள்ளைச் சுவர்

காலை 7.40. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் போக வரப் பத்து ரூபாய்க்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு தென்சென்னைக்குப் புறப்பட்டேன். தூரம் என்னவோ பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் எங்கள் தெருவில் மயிலாப்பூர் போகிறவனை துபாய் போகிறவன் மாதிரிதான் வழியனுப்புவார்கள். அதிலும் சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று ஒரு வாரமாக நானே பரப்பி வைத்திருந்தேன். பாதி உண்மை. நடிக்கப் போவது என் வலது கை மட்டும்.

நான் சுவர் எழுதுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. தேர்தல், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, மூலம் பௌத்திரம், எது சொன்னாலும் எழுதுவேன். கடைசி எழுத்துக்குக் கீழே பட்டத்தின் வால் மாதிரி ஒரு இழுப்பு இழுப்பேன். அந்த வாலைப் பார்த்துத்தான் டைரக்டர் மாலதி அக்கா என்னைத் தேடிப் பிடித்தார். அவருடைய இரண்டாவது படத்தில் நாயகன் சுவர் எழுதுகிறவன். முகம் ஒரு நடிகருடையது, கை என்னுடையது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கை, இல்லாத ஒரு கட்சியின் பெயரைச் சுவரில் எழுத வேண்டும். பேசி வைத்திருந்த சுவரின் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டார். மாலைக்குள் வேறு சுவர் கிடைக்காவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவார்கள். காட்சி போனால் என் கையும் போகும். அப்புறம் எங்கள் தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

காலை 8.50. திருமயிலை ஸ்டேஷன் வாசலில் மாலதி அக்கா ஆட்டோவோடு நின்றிருந்தார். நாற்பது வயது, கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. ஓட்டுநர் ராயப்பேட்டை பஷீர் பாய். நாள் முழுக்க 1,800 ரூபாய் என்று பேச்சு. ஏறியதுமே ஆரம்பித்தேன்.

"அக்கா, எங்க ஏரியாவ படத்துல காட்டுனா ஏன்கா எப்பவும் மழை பெஞ்சிகினே ரத்தம் ஓடுது? எங்க ஏரியால மழை பெஞ்சா தண்ணி நிக்கும். அவ்ளோதான்."

பஷீர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். "என் முதல் படமே அப்படித்தான்பா. வியாசர்பாடிக்கு ஒரு தடவைகூட வராம எடுத்தேன்."

"தெரிஞ்சிது. எங்க ஊட்டாண்ட கடல காட்டிட்டீங்க."

மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முதல் சுவர் பார்த்தோம். வெயில் சாய்ந்து விழும் அருமையான சுவர். ஆனால் இடுப்பு உயரத்தில் பிள்ளையார், மாதா, மெக்கா என்று வரிசையாக டைல்ஸ் பதித்திருந்தார்கள்.

"மூணு பேரும் சண்டையில்லாம ஒரே லைன்ல கீறாங்க பாரு நைனா," என்றார் பஷீர் பாய். "யாரும் ஒண்ணுக்கு அடிக்கக்கூடாதுன்னு வெச்சது."

அக்கா போட்டோ எடுத்துக்கொண்டார். "ஒற்றுமையப் பத்தி நான் எழுதின வசனம் ஒன்றரைப் பக்கம் பாய். இதைக் காட்டினா வசனமே வேண்டாம்." ஆனால் சாமிகளுக்கு மேலே கட்சியை எழுத அவருக்கு மனசு வரவில்லை. வெளியே வந்தால் மெட்ரோ வேலைக்கு அடித்த தகரம், தெரு முனை வரைக்கும். இங்கே பாதி மயிலாப்பூர் தகரத்துக்குப் பின்னால் இருக்கிறது.

காலை 11.20. தி. நகர். சுவர் தேடுகிறவன் போகக்கூடாத இடம் இது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நைட்டி தொங்குகிறது, ஒன்று 250 ரூபாய். ரங்கநாதன் தெருவை நான் நடந்து கடந்ததாகச் சொல்ல முடியாது, என்னைக் கடத்திவிட்டார்கள். அக்கா கூட்டத்தின் நடுவே நின்று, இரண்டு கைகளாலும் சதுரம் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கூட்டத்தை எந்த டைரக்டராலயும் இயக்க முடியாது தம்பி. துணை நடிகர் நூறு பேரக் கூட்டி வந்து நடக்க விட்டா, நூறு பேரும் சும்மா நடப்பாங்க. இவங்கள்ல ஒருத்தராவது சும்மா நடக்கறாங்களா பாரு."

"நம்ம மட்டுந்தான்கா சும்மா கீறோம்," என்றேன். அதற்குள் ஒருவர் என் கையில் ஆறு கர்ச்சீப்பைத் திணித்து, ஐம்பது ரூபாய் என்றார்.

பிற்பகல் 1.30. அடையாறு. குடை மாதிரி விரிந்த மரங்கள், நாய்க்குக் கூடச் சட்டை. பொதுச் சுவர்களில் எல்லாம் கிளியும் ஆமையும் வரைந்திருந்தார்கள். அதில் கை வைக்க முடியாது. ஒரு அடுக்ககத்தின் பக்கவாட்டுச் சுவர் காலியாக இருந்தது. சங்கச் செயலாளர் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்தார்.

"ஸாரி மேடம், எங்க காம்பவுண்ட்ல பாலிடிக்ஸ் அலவ் பண்றதில்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில், 'செயலாளரே, லிஃப்ட் எங்கே?' என்று யாரோ நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை நான் சத்தம் போட்டுப் படித்தேன். அதோடு அந்தச் சுவரும் போனது. அக்கா என்னை முறைத்தார். ஆட்டோ திரும்பியதும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஆனால் மணி இரண்டாகிவிட்டது. போனில் தயாரிப்பு மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சிரிப்பு நின்றது.

மாலை 3.40. மந்தைவெளி. பஷீர் பாய் டீ குடிக்க நிறுத்திய தெருவில்தான் அது இருந்தது. பத்தடி உயரம், இருபதடி நீளம், பளிச்சென்று வெள்ளைச் சுவர். "நிறுத்துங்க பாய்!" என்று நின்றிருந்த ஆட்டோவில் கத்தினேன். ஓடிப் போய்ச் சுவரைத் தொட்டேன். நல்ல பூச்சு. மூலையில் ஒரு கட்சியின் பெயர், பக்கத்தில் 'ரிசர்வ்டு'. அதன் கீழே பட்டத்தின் வால்.

எங்கள் தொழிலில் இதைச் சுவர் பிடிப்பது என்போம். காலிச் சுவருக்கு வெள்ளை அடித்து மூலையில் கட்சிப் பெயரைப் போட்டுவிட்டால் வேறு யாரும் தொடமாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் மினி லாரியில் இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு சுவர் பிடித்தேன். இருட்டில் தெருப் பெயர்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து கழுத்தில் இஞ்சி டேப்போடு ஒரு அக்கா வந்தார். பெயர் பர்வீன், தையல்காரர். மாலதி அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"படமா? எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. என் சுவத்துல என்னைக் கேக்காம எழுதிட்டுப் போனானே, அவன் இங்க வந்து நிக்கணும். ரெண்டு மாசமா அழிக்கலாம்னு பாக்கறேன், கட்சி எழுத்து, கை வெக்காதேன்னு தெருவே பயமுறுத்துது. அவன் வராம என் சுவத்த யாருக்கும் தரமாட்டேன்."

மாலதி அக்கா வாலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் இந்தக் கையை அவர் படத்தில் வைத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை. திறக்காவிட்டால் சுவர் இல்லை.

"நான்தான்கா," என்றேன்.

"எது நீதான்?"

"அந்த வாலு."

பர்வீன் அக்கா என்னை மேலும் கீழும் அளந்தார், டேப் தேவைப்படவில்லை. "பால்வாடிப் புள்ள மாதிரி கீற. இங்க முன்னாடி இன்னா எழுதியிருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும்கா. 'பிளவுஸ் தைத்துத் தரப்படும்'. ஒரு கத்தரிக்கோல் படம். அது மேல ரெண்டு கோட்டிங் அடிச்சேன்."

"அதுக்கப்புறம் புதுசா ஒரு பிளவுஸ் வரல. ஏன்டா கேக்கல?"

"சுவத்தத்தான்கா பாத்தோம். ஆள பாக்கல."

எழுதினவன் அழித்தால் வம்பில்லை, ஆனால் எழுதச் சொன்னவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்சியின் வட்டச் செயலாளருக்கு எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"ஷூட்டிங்கா? நம்ம கட்சியத் திட்றாங்களா?"

"இல்லண்ணே. சினிமாவுல வர்ற கட்சி. சொன்னதெல்லாம் செய்யும்."

"அப்ப கற்பனைதான். விட்டுக் குடுத்துரு."

பஷீர் பாய் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பர்வீன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, இப்ப கேளு," என்றார்.

"அக்கா, உங்க சுவத்துல எழுதட்டா?"

"தெருவுக்குக் கேக்கணும்."

கத்தினேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர் எட்டிப் பார்த்தார். "எழுது," என்று சொல்லிவிட்டு பர்வீன் அக்கா உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார்.

மாலதி அக்கா ஆட்டோ படியில் உட்கார்ந்து, திரைக்கதைத் தாளில் எதையோ அடித்தார். "அரசியல் படம்னா மேடையும் கூட்டமும் வேணும்னு பத்து வருஷமா பணத்துக்கு அலைஞ்சேன். ரெண்டு கோட்டிங் வெள்ளையில இருக்கு எல்லாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான் தம்பி, உங்க ஏரியா மேல ரெண்டு கோட்டிங் அடிச்சேன்."

"மூணு கோட்டிங் அக்கா. கடலும் கீதே."

"நாளைக்குக் கற்பனைக் கட்சி வேண்டாம். இந்தக் கை 'ரிசர்வ்டு'ங்கறத அழிக்குது. அப்புறம் பிளவுஸ் விளம்பரத்தத் திரும்ப எழுதுது. எழுதுமா?"

"கத்தரிக்கோலோட எழுதும்," என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன். "அக்கா, கடைசில வால் போட்டுக்கட்டா?"

"பிளவுஸுக்கு எதுக்குடா வாலு?" மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. "சின்னதா போடு."

மாலை 6.45. பறக்கும் ரயிலில் வீடு திரும்பினேன். சன்னல் வழியே சுவர்கள் ஓடின. வழக்கமாக என் வால் எங்கே தெரிகிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டு வருவேன். இன்றும் பார்த்தேன், ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் இஞ்சி டேப்போடு யாரோ நிற்பது போலவே இருந்தது.

வியாசர்பாடியில் எங்கள் வீட்டுச் சுவர். பிறந்ததிலிருந்து பார்க்கிற சுவர். மூலையில் ஒரு கட்சிப் பெயர், 'ரிசர்வ்டு', எழுத்துக்கு நீல நிழல். நிழல் விட்டு எழுதுகிறவன் எங்கள் பக்கத்தில் ஒருத்தன்தான். குணாவுக்குப் போன் போட்டேன்.

"மச்சி, எங்க ஊட்டு சுவத்துல எழுதினது நீதானே?"

"ஆமாண்டா, ரெண்டு வருசமா கீது. இப்பத்தான் பாத்தியா?"

"எங்கம்மாகிட்ட கேட்டியா?"

"இன்னா மச்சி, ஷூட்டிங்ல வெயில் ஜாஸ்தியா?"

"வா. வந்து கேளு."

அம்மா வாசலுக்கு வந்தது. "நடிச்சியாடா? யாருகிட்ட பேசறே? யார் வராங்க?"

"நாளைக்குத்தான்மா நடிக்கிறேன். இப்ப ஒருத்தன் சுவரு கேக்க வரான். உடனே சரின்னு சொல்லிடாத."