சித்தியின் சனிக்கிழமை வலி

மசக்கை, பனிக்குடம், பச்சை உடம்பு என்று பேறுகாலச் சொற்கள் அத்தனையும் ஒன்பது வயதிலேயே எனக்கு அத்துப்படி. சித்தி தலைப்பிரசவத்துக்காகச் சங்கரன்கோவிலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றே நான் எல்லாம் படித்துத் தேறியிருந்தேன்.

வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்தபின், பிள்ளை பிறக்கும்வரை மாப்பிள்ளை சும்மா வந்து போவதை எங்கள் வீட்டில் அழகாக நினைக்கமாட்டார்கள். வலி கண்டால் வரலாம். சித்தப்பா ராயகிரியில் வாத்தியார். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் சித்திக்கு வலி வந்தது. அந்தக் காலத்தில் ஏது போன்? அம்மா பஸ் கண்டக்டரிடம் தகவல் சொல்லிவிடுவாள். சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்குவார்.

அதற்குள் அம்மா சீரகக் கஷாயம் போட்டிருப்பாள். குடித்தும் வலி கூடினால் பிள்ளை வலி, அடங்கினால் வெறும் சூட்டு வலி. சித்தப்பா தலையைக் கண்டதும் சித்திக்கு அடங்கிவிடும். ஞாயிறு சாயங்காலம்வரை இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை, சித்தி கஷாயத்தை முருங்கை மரத்து மூட்டில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன். படித்த படிப்பு சும்மா இருக்க விடுமா? அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

"அப்படியா சேதி! இனிமே நான் நம்புனாத்தானே!" என்றாள் அம்மா.

அடுத்த புதன்கிழமை சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, உசிரு போகுதுக்கா!" என்று அலறினாள்.

அம்மா அசையவில்லை. "ஏட்டி, இன்னைக்குப் புதன்கிழமைதான். மறந்துட்டியா?" என்று சொல்லிவிட்டு, கஷாயத்தை என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

சித்தி அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலி அடங்கவில்லை, கூடியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எம்மா, குடிச்சிட்டாம்மா! பிள்ளை வலிதான்!" என்று கத்தினேன்.

அம்மா போட்டது போட்டபடி ஓடிவந்தாள். குதிரை வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவும் பனிக்குடம் உடையவும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. அன்றே வந்து பார்த்துவிட்டுப் போனார் சித்தப்பா.

சனிக்கிழமை சித்தியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்; யாரும் சொல்லிவிடாமலே அவர் மறுபடி வந்து நின்றார். பழக்கதோஷத்தில் நான் சீரகக் கஷாயத்தோடு போனேன். சித்தி அதை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, இன்னைக்கு ஒங்களுக்குல்லா வலி கண்டிருக்கு."

அவரும் ஒரே மடக்கில் குடித்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

ஆண்களுக்கும் சூட்டு வலி வருமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க அப்பாட்ட போயிக் கேளு" என்று சொல்லிச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தனை சொல் படித்திருந்தும், அந்த வலிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.