வட்டம் அக்கா வீட்டுத் தட்டு

தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை இறுக மூடி, "யாருடி நீ, இவ்ளோ திமிரா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் வட்டம் அக்கா. கேட்பது கிருமியிடம். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு அதுதான் வேலை, அதனால்தான் அந்தப் பெயரும். நோயாளியின் சீழில் இருந்த கிருமியைத் தட்டில் தடவி, மேலே மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வைப்பார். மறுநாள் தட்டெங்கும் கிருமி வளர்ந்திருக்கும். எந்த மருந்துக்கு அது சாகிறதோ, அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் வெறுமையாய் ஒரு வட்டம்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று அவர் வாய் வலிக்கச் சொல்வதில்லை. நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்தாகத் தெரிவதால் வெறும் "கொத்து". கேட்காதவரிடமும் அதன் பெருமையைச் சொல்வார். "மருந்துங்கிறது சாவிங்க. இந்தக் கொத்து பூட்டையே மாத்திடுச்சு. அந்த வித்தை மரபணுல இருக்கு. அதைப் பக்கத்துல இருக்கறதுக்கும் குடுத்துடும். நம்ம சொந்தக்காரங்க ஒரு டம்ளர் சர்க்கரை குடுக்கறாங்களா பாருங்க!"

ஊரார் கிருமியை அதட்டுபவரின் பருப்பு வீட்டில் வேகவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். வலி நின்ற அன்றே மாத்திரையையும் நிறுத்திவிடுவார். மிச்சம் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போகும். அடுத்த முறை அதிலிருந்து தன் வெள்ளையில் மூன்று, மச்சினன் விட்ட சிவப்பில் இரண்டு என்று சொந்த வைத்தியம்.

"ஓடுற லிஃப்டை எதுக்குப் பிரிக்கணும்?" என்பார்.

"நாலு போல்ட்ல ரெண்டை முறுக்கிட்டு, அதான் ஓடுதேன்னு எறங்கி வருவீங்களா?"

"அது வேற, இது வேற." மனுஷர் நழுவிவிடுவார்.

போன மாதம் அவர் பிடரியில் ஒரு கட்டி. கண்ணாடிக் கூட்டு மாத்திரைகளில் அடங்குவது போல் அடங்கி, திரும்பவும் பெரிதாக வீங்கி, காய்ச்சல் தூக்கிப்போட்டது. ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். சீழ் அக்காவின் கூடத்துக்கே வந்தது.

அந்தத் தட்டைக் கையில் எடுத்தவருக்குச் சன்னல் பக்கம் போகவே பயம். ஒருவழியாக உயர்த்தினார். முதல் பொட்டில் வட்டமில்லை. அடுத்ததிலும் இல்லை. கண்ணாடிக் கூட்டில் இருந்த மருந்து ஒவ்வொன்றையும் ஒட்டி உரசிக்கொண்டு கொத்து சட்டமாக வளர்ந்திருந்தது. "அடப்பாவி மனுஷா, உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்று வாய்விட்டே அழுதார். கடைசியில் ஓரத்துப் பொட்டைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. தட்டுக்கு முத்தமே கொடுத்திருப்பார், உள்ளே கொத்து இருக்கிறதே என்று விட்டார்.

அந்த மருந்தில் காய்ச்சல் இறங்கியது, கட்டியும் வற்றியது. இப்போது வலி துளியும் இல்லை, மாத்திரை மட்டும் மிச்சம் இருக்கிறது. அக்கா அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பது இந்த நாட்களில்தான்.

இன்று காலை கணவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "முழுங்கிட்டேம்மா, சத்தியமா."

"நாக்கைத் தூக்குங்க."

மோவாயைப் பிடித்து அவர் முகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டார் அக்கா.